பிரெய்டு நரம்புக்கு லீடர் கட்டுவது எப்படி?

புதிதாகத் தூண்டில் ராடும் ரீலும் வாங்குகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் பெரும்பாலும் பிரெய்டு நரம்புதான் வந்து சேர்கிறது. மெல்லியது, பலமானது, தூரமாகப் போகும் என்று கடைக்காரர் சொல்வார். மூன்றும் உண்மைதான். ஆனால் அதன் முனைக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே லீடர் என்ற இன்னொரு நரம்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதைப் பல கடைகளில் சொல்வதில்லை. சொன்னாலும் எந்தத் தடிமன், எவ்வளவு நீளம், எந்த முடிச்சு என்று விளக்க அங்கே நேரம் இருப்பதில்லை. நம் ஊர்க் கடற்கரையிலும் முகத்துவாரத்திலும் ராடு பிடிக்கத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லீடரை மீனின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன்மேல் எது உரசப்போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன.

பிரெய்டை மட்டும் கட்டினால் என்ன ஆகும்?

பிரெய்டு என்பது முடியைவிட மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைச் சேர்த்துப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் அதே இழை. 20 பவுண்டு தாங்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) ஏறக்குறைய 0.40 மி.மீ. தடிமன் இருக்கும், அதே பலமுள்ள நல்ல பிரெய்டு அதில் பாதிகூட இருக்காது. இழுத்தால் நீளாது என்பதால் மீன் லூரை (செயற்கை இரையை) தொட்டதும் கைக்குத் தெரிகிறது.

இந்த நல்ல குணங்களே வேறு இடத்தில் கெடுதலாகவும் முடியும். தங்கூசி ஒரே கம்பியாக இருப்பதால் பாறையில் உரசும்போது மேல்தோல் கொஞ்சம் போனாலும் உள்ளே மிச்சம் இருக்கும். பிரெய்டு விறைப்பாக இழுபட்டிருக்கும்போது ஒரு கொட்டலசு ஓட்டின் விளிம்பில் பட்டால் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். நீளாத நரம்பு என்பதால் மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பிரெய்டு நூல்போலத் தொளதொளவென்று இருப்பதால் வீசும்போது லூரின் முள்ளிலேயே போய்ச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். தெளிந்த தண்ணீரில் அது மீனின் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பது இதற்கெல்லாம் அடுத்துதான். புதியவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், மேலே சொன்ன மற்ற மூன்றும்தான் அதிக மீன்களைத் தப்பவிடுகின்றன.

லீடர் தேவையே இல்லாத இடமும் உண்டு. ஏரி, குளத்தில் ஆகாயத்தாமரைக்கும் தாமரை இலைக்கும் நடுவே தவளை லூர் போட்டு விரால் பிடிப்பவர்கள் 40, 50 பவுண்டு பிரெய்டை நேரடியாக லூரில் கட்டுகிறார்கள். அது சரிதான். அங்கே பாறை இல்லை, செடிதான் இருக்கிறது. விறைத்த பிரெய்டு செடியின் தண்டை அறுத்துக்கொண்டு வரும், நடுவில் முடிச்சு இருந்தால் பாசி அதில் வந்து தங்கும்.

எது உரசப்போகிறது?

கடலோரத்தில் உரசுபவை இரண்டு: இடம், மீன்.

இடத்தை முதலில் பாருங்கள். மணல் கரையில் உரசல் குறைவு. கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில், துறைமுகச் சுவர் ஓரங்களில், பாலத் தூண்களின் அடியில் நிலைமை வேறு. தண்ணீர் வற்றும்போது அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். அலை ஏறி இறங்கும் மட்டம் முழுக்கக் கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தோல் கிழியும். மீன் முதலில் ஓடுவது அந்த இடத்தை நோக்கித்தான். அலையாத்தி மரங்கள் உள்ள உப்பங்கழியில் வேர்களும் அவற்றில் ஒட்டிய சிப்பிகளும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து மீன். கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது. வாய்க்குள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. துள்ளித் தலையை ஆட்டும்போது நரம்பு அந்த ஓரத்தில் பட்டால் மெல்லிய லீடர் நிற்காது. பாரைக்கு வால் ஓரமாகக் கடினமான முள் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அது திரும்பி ஓடும்போது நரம்பு அவற்றின்மேல் உரசும். களவா மீன் கடித்ததும் நேராகக் கல் இடுக்குக்குள் போய்விடும், ஆகவே அங்கே உரசுவது கல்தான். சென்னைப் பக்கம் ஷீலா என்றும் தெற்கே ஊளி என்றும் சொல்லும் மீன், வஞ்சிரம், வாளை ஆகியவற்றின் பல்லோ நேரடியாகவே வெட்டும். அவற்றுக்கு எவ்வளவு தடித்த நரம்பும் உத்தரவாதம் இல்லை. கம்பிதான் வேண்டும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு 10 முதல் 20 பவுண்டு பிரெய்டு போட்டிருக்கும் ஒருவருக்கு நான் சொல்லும் அளவு இது. மணல் கரையில் சிறு மீனுக்கு 20 பவுண்டு லீடர். முகத்துவாரத்தில் லூர் வீசினால் 30. கொடுவா வரும் இடம் என்றால் 40. தூண்டில் வளைவுக் கல்லின் மேல் நின்றால் 50. பிரெய்டைவிட லீடர் தடிமனாகவும் பலமாகவும் இருப்பது வினோதமாகத் தோன்றலாம். மீனை இழுக்கும் பலம் ரீலின் டிராக்கில், அதாவது மீன் ஓடும்போது நரம்பை இறுக்கிப் பிடித்து விட்டுக்கொடுக்கும் பிரேக்கில், இருக்கிறது. 20 பவுண்டு என்பது 9 கிலோ. டிராக்கை அதில் மூன்றில் ஒரு பங்கான 3 கிலோவுக்குத்தான் வைப்போம். அந்த இழுப்புக்கு 20 பவுண்டு லீடரே தாராளம். மேலே சேர்க்கும் பவுண்டெல்லாம் உரசித் தேய்வதற்கான இருப்பு.

பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டை அப்படியே நம்ப வேண்டாம். விலை குறைந்த பிரெய்டில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் நூலும் பல சமயம் பொருந்துவதில்லை. தடிமனைப் பார்ப்பது நல்லது. ஜப்பான் கணக்கில் பிஇ 1 என்றால் ஏறக்குறைய 0.165 மி.மீ., பிஇ 2 என்றால் 0.235 மி.மீ. அளவு இருக்கும். 0.30 மி.மீ. தடிமனுள்ள நூலை 20 பவுண்டு என்று விற்றால், அது தரம் குறைந்தது அல்லது தடிமன் தவறாகப் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நைலானா, ஃபுளோரோகார்பனா?

லீடருக்கு இரண்டு பொருள்கள் கடையில் கிடைக்கும். ஒன்று நைலான், அதாவது நமக்குப் பழகிய தங்கூசி. இன்னொன்று ஃபுளோரோகார்பன். இரண்டாவதை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971ல் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது.

ஃபுளோரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று விளம்பரம் செய்வார்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில் இருக்கிறது. ஆகவே நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. தெரியவே தெரியாது என்பது மிகை. மழைக்குப் பின் செம்மண் நிறமாக ஓடும் முகத்துவாரத்தில் இந்த வித்தியாசத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. நான் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வேறு காரணத்துக்காக: மேல்பரப்பு கடினமாக இருப்பதால் கல்லில் உரசல் தாங்குகிறது, தண்ணீரை உறிஞ்சி ஊறுவதில்லை.

அதற்கும் குறைகள் உண்டு. விலை சில மடங்கு அதிகம். விறைப்பாக இருப்பதால் தடித்த ஃபுளோரோகார்பனில் முடிச்சு நன்றாக அமராது. முடிச்சை நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டிலேயே பலவீனமாகிவிடும். தண்ணீரைவிட அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.78 மடங்கு என்பதால் வேகமாக மூழ்கும். மேல்மட்டத்தில் நீந்தும் பாப்பர் போன்ற லூருக்கு அதைக் கட்டினால் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். அங்கே நைலான்தான் சரி. நைலானுக்குக் கொஞ்சம் நீளும் குணம் இருப்பதால், நீளாத பிரெய்டுக்கும் மீனின் வாய்க்கும் நடுவே அது ஒரு மெத்தையாக வேலை செய்கிறது.

புதியவருக்கு என் யோசனை: 30 பவுண்டு நைலான் ஒரு சுருள், 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் ஒரு சுருள். இரண்டும் சிறிய சுருளாக. முதலாவதில் முடிச்சு பழகுங்கள், அதிலேயே பெரும்பாலும் மீனும் பிடிக்கலாம். இரண்டாவதைக் கல் உள்ள இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெயின் லைனாக, அதாவது ரீலில் சுற்றும் நரம்பாக, விற்கும் சாதாரணத் தங்கூசியை லீடராகப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். லீடர் என்று விற்பது மேல்பரப்பில் கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான்.

பல்லுள்ள மீனுக்குக் கம்பி போடும்போது முழு லீடரையும் கம்பியாக்க வேண்டாம். லூருக்கு முன்னால் 15 முதல் 20 செ.மீ. போதும். முனைகளில் ஸ்விவலும் (சுழலும் இணைப்பு) ஸ்னாப்பும் (திறந்து மூடும் கொக்கி) போட்ட ஆயத்தக் கம்பி கடையிலேயே கிடைக்கும். அதை லீடரின் முனையில் கட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு நீளம்?

லூர் வீசுவதற்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர். பாறை இருந்தால் இரண்டு மீட்டருக்கும் மேல். மீன் கல்லைச் சுற்றும்போது கல்லில் படும் பகுதி முழுவதும் லீடராக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஆனால் இந்த நீளத்துக்கு லீடர் வைத்தால் வீசும்போது முடிச்சு ராடின் வளையங்களுக்கு உள்ளே இருக்கும், ஒவ்வொரு வீச்சிலும் அவற்றின் வழியாக ஓடும். தடித்த முடிச்சு டக் டக்கென்று இடித்துக்கொண்டு போகும், தூரம் குறையும், முடிச்சும் தேயும். ஆகவே நீளம் உங்களுக்குத் தெரிந்த முடிச்சையும் பொறுத்தது. தடித்த முடிச்சுதான் போடத் தெரியும் என்றால், முடிச்சு ராடு நுனி வளையத்துக்கு வெளியே தொங்கும்படி 50, 60 செ.மீ. லீடர் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மெல்லிய முடிச்சு கைவந்ததும் நீளத்தைக் கூட்டலாம்.

மணல் கரையில் ஈயக்குண்டு கட்டி இறாலோ மத்தித் துண்டோ போட்டுத் தூரமாக எறிபவர்களுக்கு நீளக் கணக்கே வேறு. அவர்களுக்கு லீடர் மீனுக்காக இல்லை, வீச்சின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. 100 கிராம் குண்டை முழு வேகத்தில் சுழற்றும்போது நரம்பில் விழும் இழுப்பு மிக அதிகம். மெல்லிய பிரெய்டு அந்த நேரத்தில் அறுந்தால் குண்டு துப்பாக்கித் தோட்டாவாகப் பறக்கும். மாலையில் குழந்தைகளோடு கூட்டம் நிற்கும் கடற்கரையில் அது யார்மேல் படும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு அவுன்ஸ் குண்டுக்கும், அதாவது 28 கிராமுக்கு, 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 100 கிராமுக்கு 40 பவுண்டு வைத்தால் தகும், 50 வைத்தால் நிம்மதி. நீளம்: குண்டு தொங்கும் அளவு, ராடின் முழு நீளம், அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்று. வீசும்போது பிரெய்டு எந்த இடத்திலும் அந்த அடியை நேரடியாக வாங்கக் கூடாது.

முடிச்சு

பிரெய்டு வழுக்கும். அதனால் தங்கூசிக்குத் தங்கூசி போடும் முடிச்சை இதில் போட்டால் அவிழாமல், சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். மெல்லிய வழுக்கு நூலைத் தடித்த விறைப்பான நரம்போடு இணைக்கிறோம். அதிகச் சுற்றுகள் இருந்தால்தான் பிடி கிடைக்கும். மூன்று முடிச்சுகள் தெரிந்தால் வாழ்நாளுக்கும் போதும். முதல் இரண்டை இன்றைக்கே கற்கலாம்.

*இரட்டை யூனி.* தொடங்குவதற்கு இதுதான். இருட்டிலும் காற்றிலும் கூடப் போட முடியும்.

1. பிரெய்டின் முனையையும் லீடரின் முனையையும் எதிரெதிராக வைத்து, 20 செ.மீ. அளவு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி பிடியுங்கள்.
2. பிரெய்டின் முனையை மடக்கித் திருப்பி, இரண்டு நரம்புகளின் மேலும் படுத்திருக்கும் ஒரு வளையம் செய்யுங்கள்.
3. அந்த முனையை வளையத்துக்குள் விட்டு, இரண்டு நரம்புகளையும் சேர்த்து எட்டு முறை சுற்றுங்கள். முனையை இழுத்து லேசாக இறுக்குங்கள்.
4. லீடரின் முனையிலும் இதையே மறுபக்கம் செய்யுங்கள். தடித்த நரம்பு என்பதால் நான்கு சுற்று போதும்.
5. இரண்டு முடிச்சையும் எச்சிலால் நன்றாக நனையுங்கள். பிறகு மெயின் லைனையும் லீடரையும் எதிரெதிராக மெதுவாக இழுங்கள். இரண்டும் நகர்ந்துவந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும்.
6. முனைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒருமுறை இழுத்துவிட்டு வெட்டுங்கள். பிரெய்டு முனையில் 3 மி.மீ. மிச்சம் விடுங்கள்.

30 பவுண்டு லீடர் வரைக்கும் இது நன்றாக இருக்கும். 40க்கு மேல் போனால் லீடர் பக்க முடிச்சு பட்டாணி அளவுக்குப் பருத்து வளையங்களில் இடிக்கும்.

*அல்பர்ட்டோ.* தடிமன் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது இரட்டை யூனியைவிட மெலிதாக அமரும். ஃபுளோரிடாவில் வழிகாட்டியாக இருந்த ஜிம்மி ஆல்பிரைட்டின் பழைய முடிச்சை மாற்றிச் செய்தது.

1. லீடரின் முனையை 10 செ.மீ. மடக்கி ஒரு காது செய்யுங்கள். மடித்த இரண்டு காலையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.
2. பிரெய்டை அந்தக் காதுக்குள் விட்டு 25 செ.மீ. வெளியே இழுங்கள்.
3. காதின் நுனியிலிருந்து விலகிப் போகும் திசையில், லீடரின் இரண்டு காலையும் சேர்த்து ஏழு முறை சுற்றுங்கள்.
4. அப்படியே திரும்பி, போட்ட சுற்றுகளின் மேலேயே காதின் நுனியை நோக்கி இன்னும் ஏழு முறை சுற்றுங்கள்.
5. பிரெய்டின் முனை எந்தப் பக்கமாகக் காதுக்குள் நுழைந்ததோ அதே பக்கமாக வெளியே வர வேண்டும். இதைத்தான் எல்லாரும் மாற்றிவிடுகிறார்கள். மாறினால் முடிச்சு நிற்காது.
6. நனைத்து, மெயின் லைனையும் லீடரையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விரல் நகத்தால் காதின் நுனிப் பக்கம் தள்ளி வரிசைப்படுத்துங்கள். பிறகு முழு பலத்தோடு இறுக்கி, முனைகளை வெட்டுங்கள்.

*எஃப்ஜி.* லூர் வீசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் முடிச்சு இது. சரியாகச் சொன்னால் இதில் லீடர் முடிச்சாக மடங்குவதே இல்லை. நேராகக் கிடக்கிறது. அதன்மேல் பிரெய்டு இப்பக்கமும் அப்பக்கமுமாகக் குறுக்கே குறுக்கே பின்னிப் படர்கிறது. இழுக்க இழுக்கப் பின்னல் லீடரை இறுகக் கவ்வும். மடிப்பு இல்லாததால் மெலிதாக இருக்கிறது. 50 பவுண்டு லீடரோடும் வளையங்களில் சத்தமில்லாமல் ஓடும்.

கையசைவை எழுத்தில் படிப்பதைவிட, ஒருவர் போடுவதை நேரிலோ வீடியோவிலோ பார்ப்பது நல்லது. பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பிரெய்டு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். அதுதான் பாதி வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, ராடு நுனியிலிருந்து ஒன்றரை மீட்டர் பிரெய்டை இழுத்து, முனையை பெல்ட் மாட்டும் பட்டியில் சில சுற்று சுற்றிக்கொண்டால் இரண்டு கையும் காலியாகும். லீடரின் முனையை விறைத்த பிரெய்டின்மேல் ஒரு சுற்று ஒரு பக்கமாகவும் அடுத்த சுற்று மறுபக்கமாகவும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் அது வெறும் சுருள், உருவிக்கொள்ளும். 30 பவுண்டு லீடருக்கு 20 குறுக்குகள் போடுங்கள்.

பின்னல் முடிந்ததும் பிரெய்டின் முனையால், லீடரையும் மெயின் லைனையும் சேர்த்து இரண்டு ஒற்றை முடிச்சு. இப்போது நனைத்துவிட்டு மெயின் லைனையும் லீடரையும் கையுறை போட்டு இழுங்கள். இந்த இடத்தில் பின்னலை உற்றுப் பாருங்கள். வெளிர் நிறத்தில் தளர்வாக இருந்தது சட்டென்று நிறம் அடர்ந்து, நீளம் சுருங்கி, லீடரோடு ஒட்டிய தோல் மாதிரி ஆகும். அந்த நிற மாற்றம் வரவில்லை என்றால் இன்னும் கவ்வவில்லை. வந்த பிறகுதான் லீடரின் முனையைப் பின்னலை ஒட்டி வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு மெயின் லைன்மேல் மட்டும், மாற்றி மாற்றி ஆறு ஒற்றை முடிச்சு போட்டு முடித்துவிடுங்கள்.

பிரெய்டு முனையை லைட்டரால் சுட்டு உருட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த இழை 150 டிகிரிக்கு உள்ளேயே உருகிவிடும். சுடர் பக்கத்தில் வந்தாலே முடிச்சுக்குள் இருக்கும் நூலும் வெந்து போகலாம். கத்தரிக்கோல் போதும். பிரெய்டு வெட்டுவதற்கென்று சிறிய பல்லுள்ள கத்தரிக்கோல் கிடைக்கும். நகவெட்டியில் அது மடங்கிப் பிசிறடிக்கும்.

மறுமுனையில் லூரைக் கட்ட அதே யூனி முடிச்சு போதும். ஸ்னாப் மாட்டினால் லூர் மாற்ற எளிது.

வீட்டிலேயே சோதனை

கரைக்குப் போய்ச் சோதிக்க வேண்டாம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் பிடியில் லீடரைக் கட்டி, பிரெய்டை ஒரு மரக்கட்டையில் பல சுற்று சுற்றிக்கொண்டு தூக்குங்கள். அது 5 கிலோ. உங்கள் டிராக் 3 கிலோ. தூக்கி, லேசாக இரண்டு மூன்று குலுக்குக் குலுக்கியும் முடிச்சு நகராமல் நின்றால் தைரியமாகப் போகலாம். பிரெய்டை வெறும் கையில் சுற்றித் தூக்காதீர்கள். சதையை வெட்டி உள்ளே இறங்கும்.

கரையில் லூர் கல்லில் மாட்டிக்கொண்டாலும் இதே எச்சரிக்கைதான். ராடை வளைத்து இழுத்தால் ராடு உடையும், கையில் சுற்றி இழுத்தால் விரல் வெட்டுப்படும். பையில் ஒரு சாண் நீளக் கட்டை வைத்திருங்கள். பிரெய்டை அதில் ஐந்தாறு சுற்று போட்டு, ராடை நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். முள் விடுபட்டால் லூர் நேராக உங்களை நோக்கித்தான் வரும்.

அறுந்த முனையைப் பாருங்கள்

மீன் அறுத்துக்கொண்டு போனதும் பெரும்பாலானவர்கள் எரிச்சலில் அடுத்த லூரைக் கட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் அந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அதில் இருக்கிறது.

லீடரின் முனை பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. மீன்மேல் பழி போட முடியாது. நனைக்காமல் இறுக்கியிருக்கலாம், சுற்று குறைந்திருக்கலாம். முனை கத்தரித்தது போல நேராக, சுத்தமாக இருந்தால் அது பல். ஷீலாவோ வாளையோ பக்கத்தில் திரிகிறது, கம்பி மாட்டுங்கள். முனைக்கு மேலே ஓரிரு சாண் தூரத்துக்கு வெள்ளை வெள்ளையாகத் தேய்ந்து சொரசொரப்பாக இருந்தால் கல் அல்லது செவுள் மூடி. அடுத்த அளவு தடிமனுக்குப் போங்கள், இல்லாவிட்டால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். லீடர் முழுதாகக் காணாமல் போய், பிரெய்டின் முனை பஞ்சாகப் பிரிந்து வந்தால் மீன் லீடரைத் தாண்டிப் பிரெய்டைக் கல்லில் தேய்த்துவிட்டது. லீடரின் நீளம் பற்றவில்லை.

மீன் அறுக்காத நாளிலும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை கல்லில் மாட்டிய பிறகும் லீடரின் கடைசி அரை மீட்டரைக் கட்டை விரலுக்கும் நகத்துக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். சின்னச் சொரசொரப்பு தட்டினாலும் அந்த இடத்துக்கு மேலே வெட்டி லூரைத் திரும்பக் கட்டுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வைத்த லீடர் முக்கால் மீட்டருக்குக் கீழே வந்தால் புது லீடர். எஃப்ஜி பின்னலுக்கு மேலே ஒற்றை முடிச்சுகள் போட்ட இடம்தான் வளையத்தில் அதிகம் அடிபடும். அங்கே பிசிறு தெரிந்தால் முடிச்சையே புதிதாகப் போடுங்கள்.

வீடு திரும்பியதும் ரீலையும் லீடர் பகுதியையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். பிரெய்டுக்கு உப்பால் பெரிய கேடு இல்லை, ஆனால் காய்ந்த உப்புத் துகள் முடிச்சுக்குள்ளும் வளையங்களிலும் தங்கி அடுத்த வீச்சில் அரம்போல உரசும்.

வெட்டிய லீடர் துண்டுகளை ஒரு சிறிய டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கல் இடுக்கில் விட்டால் அது பல ஆண்டுகள் மட்காது. கடற்பறவைகளின் காலில் சுற்றும். நம் கரையில் ஜனவரியிலிருந்து முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைகளின் துடுப்பிலும் இப்படித்தான் சுற்றிக்கொள்கிறது. மற்றவர்கள் விட்டுப்போன நரம்புச் சிக்கல் கண்ணில் பட்டால் அதையும் எடுத்து அதே டப்பாவில் போடுங்கள். குப்பையில் போடுவதற்கு முன் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிவிடுங்கள்.